மலைப்பாதைக் கூலியைத் தொடாதவர்களுக்கு

1

இதை எழுத வேண்டும் என்று நினைத்து ஆறு வருஷம் ஆகிறது. நினைத்ததோடு சரி. இரண்டு முறை பேனாவை எடுத்து, “போடிப் பக்கத்து மக்களுக்கு” என்று மேலே எழுதிவிட்டு, கீழே ஒரு வரியும் ஓடாமல் காகிதத்தை மடித்து முருகன் படத்துக்குப் பின்னால் செருகி வைத்தேன். எனக்கு எழுத வராது என்று வீட்டில் சாக்குச் சொன்னேன். சிலமலைப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை படித்தவனுக்கு இவ்வளவு எழுத வரும். வராதது தைரியம்தான்.

இப்போது எழுதத் துணிந்ததற்குப் போன மாதம் எங்கள் தோட்டத்தில் நடந்த ஒரு கூட்டம்தான் காரணம்.

நான் இருப்பது மலாயாவில், பேராக் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம். பால்மரம் வெட்டுகிறேன், அதாவது பால் எடுக்க மரப்பட்டையை உளியால் சீவுகிற வேலை. நாங்கள் குடியிருக்கும் லயத்தைச் சுற்றி முள்கம்பி வேலி. சர்க்காரை எதிர்த்துக் காட்டுக்குள் துப்பாக்கியோடு இருப்பவர்களுக்குச் சோறு போய்விடக் கூடாது என்று, காலையில் கேட்டைத் தாண்டும்போது காவல்காரர்கள் தூக்குச்சட்டியைத் திறந்து பார்ப்பார்கள். சோறு கொண்டுபோகக் கூடாது. கோப்பியில் சீனி போட்டிருந்தால் அதற்கும் ஒரு கேள்வி. பிறகு அடையாளக் கார்டைக் காட்ட வேண்டும். என் கார்டில் என் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் என் அப்பா பெயரையும், அப்பா பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஊர்ப் பெயரையும் எழுதிவிட்டார்கள். அதன்படி நான் போடிநாயக்கனூரின் மகன் பெரியகருப்பன். திருத்தச் சொல்லி மூன்று முறை போனேன். மூன்றாவது முறை அந்த ஆபீசர், “சர்க்கார் கார்டு பொய் சொல்லாது. நீ சொல்வதை எதை வைத்து நம்புவது?” என்று கேட்டார். திரும்பி வந்துவிட்டேன். இங்கே எல்லோரும் எல்லோரையும் சந்தேகப்படுகிறார்கள். எனக்கு அது பழகிப்போன சங்கதி. நான் சந்தேகத்தை ஊரிலிருந்தே கொண்டுவந்தவன்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் மைதானத்தில் நாற்காலி போட்டு, இந்தத் தேசத்துச் சட்டசபையில் மெம்பராக இருக்கும் ஒரு வெள்ளைக்காரத் துரை வந்து பேசினார். தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி பக்கத்தில் நின்று தமிழில் சொன்னார். துரை சொன்னது மூன்று சங்கதி. முதலாவது பாதுகாப்பு: தேசத்தைக் காக்கிற செலவில் ஒரு காசும் குறைக்கக் கூடாது. அடுத்தது சிக்கனம்: மற்ற செலவையெல்லாம் சர்க்கார் சுருக்க வேண்டும். கடைசியாக வேலை: ஆளுக்கு வேலை கொடுப்பது சர்க்காருடைய பொறுப்பு இல்லை, தோட்டம் செழித்தால் வேலை தானாக வரும். சம்மதம் என்றால் கை தூக்குங்கள் என்றார் கிராணி.

எல்லோரும் தூக்கினார்கள். என் கை எழவில்லை.

பக்கத்தில் நின்ற தங்கராசு என்னோடு மரம் வெட்டுகிறவன். “என்னண்ணே, கையில சுளுக்கா?” என்றான்.

“ஆமாப்பா, பழைய சுளுக்கு.”

“கிராணி பாக்குறாரு. சும்மா தூக்கி வைங்க. சொன்னா என்ன குறைஞ்சா போயிரும்?”

சொன்னால் என்ன குறைந்து போகும் என்பதை நான் குரங்கணி மலையில் பார்த்திருக்கிறேன். அதைத்தான் சொல்லப்போகிறேன்.

2

குரங்கணிக்கு மேலே ஒரு மணி நேரம் ஏறினால் எங்கள் குடியிருப்பு. முப்பது வீடு இருக்கும். எல்லோரும் ஏலத்தோட்டத்தில் களை எடுத்து, காய் எடுத்துப் பிழைக்கிறவர்கள். குடியிருப்புக்கு மேற்கே பாறையடியில் கருப்பசாமி. அவருக்கு வெள்ளி செவ்வாய் விளக்குப் போடுவது என் பொறுப்பு. பூசாரி என்று யாரும் வைக்கவில்லை. நான் ஏற்றினால் விளக்கு அணையாமல் நின்றது, அதனால் நான்.

முதல் பொதுத்தேர்தல் நடந்தபோது ஒருவர் எங்கள் மலைக்கு நடந்தே ஏறி வந்து ஓட்டுக் கேட்டார். வென்று சட்டசபைக்கும் போனார். பெயர் வேண்டாம். நாங்கள் மெம்பர் என்றே சொல்வோம். நெற்றி நிறையத் திருநீறு, முரட்டுக் கதர், காலில் சாதாரணச் செருப்பு. டீ கொடுத்தால் குடிக்க மாட்டார், தண்ணீர் போதும் என்பார். ஆடம்பரம் இல்லாத மனுசன் என்று எனக்குப் பிடித்துப் போனது.

அவர் பேசியதும் பிடித்தது. “ஏலத்தோட்டத்துல மொதல்ல யார வைப்பீக? காவக்காரன வைப்பீக. அவன் இல்லாம நீங்க களையெடுத்தா என்ன, ஒரம் போட்டா என்ன? பன்னியும் களவாணியும் தின்னுட்டுப் போவான். தேசமும் அப்படித்தான்பா. மொதல்ல காவல். மத்ததெல்லாம் பெறகு” என்பார். எங்களுக்குப் புரிகிற பேச்சு. ராத்திரி பரணில் காவல் இருந்து பன்றி விரட்டியவர்கள் நாங்கள்.

செலவைப் பற்றிப் பேசினால் குரல் ஏறிவிடும். சர்க்கார் காசு என்று தனியாக ஒன்று இல்லை, எல்லாம் நம்மிடம் பிடுங்கிய காசு என்பார். வேலையைப் பற்றி அவர் சொல்வது, “சர்க்கார் குடுக்குற சோலி மழைக்காளான் மாதிரி, நாலு நாள்ல காணாமப் போயிரும். தோட்டக்காரன நிமிர விடுங்க, சோலி உங்க வீட்டு வாசலுக்கு வரும்” என்பது.

இன்றைக்கும் யோசித்துப் பார்க்கிறேன். இதில் எது தப்பு? காவல் வேண்டாம் என்று எவன் சொல்வான்? நானும் சிக்கனக்காரன்தான். ஒவ்வொன்றாகக் கேட்டால் மூன்றும் நியாயமாகத்தான் இருக்கிறது. மூன்றையும் சேர்த்துக் கட்டி ஒரே மூச்சில் ஒருவர் சொன்னால்தான், கட்டுக்கு நடுவில் என்ன வைத்திருக்கிறார் என்று இப்போது எனக்குச் சந்தேகம் வருகிறது.

3

குரங்கணியிலிருந்து மேலே கழுதை ஏறுகிற ஒற்றையடிப் பாதையை ஜீப்பு போகிற அளவுக்கு அகலப்படுத்தச் சர்க்கார் யோசித்தது. வேலைக்கு மலையாட்களையே எடுப்பார்கள் என்றும் பேச்சு. மெம்பர் அதற்கு எதிர்ப்பு. மலைக்கு அந்தப் பக்கம் வேறு ராஜ்யம். பாதை அகலமானால் அரிசி கடத்துகிறவனும் களவாணியும் சுலபமாக இறங்குவான் என்றார். ஆகவே அது பாதுகாப்புக்குக் கேடு, வீண் செலவு, நாலு நாள் சோலி. மலை மக்களே வேண்டாம் என்கிறார்கள் என்று சட்டசபையில் காட்ட ஒரு மனு வேண்டும் என்று குமாஸ்தாவோடு ஏறி வந்தார்.

கருப்பசாமி முன்னால் எல்லோரும் கூடினோம். பெரியவர்கள் நாற்பது பேருக்கு மேல். கையெழுத்துப் போடத் தெரிந்தவர்கள் நாலு பேர். குமாஸ்தா மைப்பெட்டியைத் திறந்து, “ரேகை வைக்கணும், வெரசா வாங்க” என்றார்.

ஒருவரும் நகரவில்லை. என் மனைவியின் அண்ணன் சின்னமாயன்தான் வாயைத் திறந்தான். “எதுக்குண்ணே ரேகை? பட்டாளத்துக்குப் பேர் எழுதுறீகளா?”

“ஒன்னையப் பட்டாளத்துல சேத்தா எதிரி சிரிச்சே செத்துருவான். வாய்யா இங்கிட்டு” என்றார் குமாஸ்தா.

சிரித்தார்கள், ஆனால் விரலை நீட்டவில்லை. எங்கள் மலையில் மையைக் கண்டால் பயம். ரேகை வைத்து நிலத்தை விட்டவன் ஊருக்கு ஒருவன் உண்டு.

அப்போது நான் முந்தினேன். யாரும் கேட்கவில்லை, நானாக முந்தினேன். “ரேகை எதுக்குங்கய்யா? எங்க ஆளுக ரேகைய மறந்துருவாக, சாமிய மறக்க மாட்டாக. நான் சூடம் ஏத்துறேன், ஒவ்வொருத்தரா அடிச்சு அணைக்கட்டும். அதை நீங்க மனுவுல எழுதிக்கிருங்க” என்றேன்.

எங்கள் பக்கத்துச் சத்தியம் அப்படித்தான். சாமி முன்னால் எரிகிற சூடத்தின் மேல் சொல்ல வேண்டியதைச் சொல்லி, உள்ளங்கையால் அடித்து அணைத்துவிட்டால் அதற்குமேல் பேச்சில்லை. மெம்பர் என்னைப் பார்த்துச் சிரித்தார். “அதுவும் நல்லதுதான்” என்றார்.

மனுவில் எழுதியிருந்தது ஒரே வரி: இந்தப் பாதை எங்களுக்கு வேண்டாம். சொல்லிக் கொடுக்க வேண்டியவன் நான். நான் அதோடு நிறுத்தியிருக்கலாம். மெம்பர் பக்கத்தில் நிற்கிறார், நாற்பது பேர் என் வாயைப் பார்க்கிறார்கள், எனக்குத் தலை கனத்துப்போனது. “இந்தப் பாதை எங்களுக்கு வேண்டாம். அதுக்கு மண்ணு வெட்ட மாட்டோம். அந்தக் கூலியக் கையால தொட மாட்டோம்” என்று நீட்டினேன். பின்னால் வந்த இரண்டும் மனுவில் இல்லாதவை. நான் சேர்த்தவை.

வரிசையில் ஒச்சம்மா வந்தாள். புருசன் இல்லாதவள், இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு காயெடுத்துப் பிழைக்கிறவள். சூடத்துக்கு மேல் கையை வைத்துக்கொண்டு கேட்டாள்: “கூலியத் தொடாமக் கஞ்சிய எப்பிடித் தொடுறது ராமையா? அதையும் ஒங்க மெம்பர்ட்டக் கேட்டுச் சொல்லு.”

மெம்பரே பதில் சொன்னார். “தோட்டத்துல சோலி இருக்கு ஆத்தா. தோட்டக்காரங்க கையில நாலு காசு நின்னா ஒனக்குச் சோலி இல்லாமப் போகுமா?”

அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அடித்து அணைத்தாள்.

அடுத்த வாரமே கருப்பசாமிக்குத் தகரக் கூரை வந்து சேர்ந்தது. மெம்பர் அனுப்பியது. நான் பெருமையாக நின்று அடிக்க வைத்தேன்.

4

அந்த வருஷம் மழை ஏமாற்றியது. ஏலத்தில் காய் பிடிக்கவில்லை. பாதிப் பேருக்குத் தோட்டத்தில் சோலி இல்லை என்று சொல்லிவிட்டார்கள். தோட்டக்காரர்கள் கையில் காசு நின்றதா என்று எனக்குத் தெரியாது. சோலி நிற்கவில்லை, அது தெரியும்.

அந்த நேரத்தில்தான் பாதை வேலை வந்தது. மெம்பரே குரங்கணிக்கு வந்து முதல் மண்வெட்டி போட்டார். ஓவர்சியர் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். எங்கள் குடியிருப்பிலிருந்து ஒருவரும் இறங்கவில்லை. சோம்பேறிகள் என்று திட்டிவிட்டுக் கீழ்நாட்டிலிருந்து ஆள் கொண்டுவந்தார்கள். கண்டிராக்டர் மெம்பருக்கு உறவு என்று சொன்னார்கள். நான் கண்ணால் கண்டதில்லை, ஆகவே உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

போடிக்கு இறங்கி மெம்பர் வீட்டுக்குப் போனேன். பூஜை முடித்து, ஈர நெற்றியில் திருநீறோடு வந்து உட்கார்ந்தார்.

“பாதை வேண்டாம்னு சொன்னீகளேய்யா.”

“அப்ப வேண்டாம்னு பட்டுச்சு. நாளைக்கு ஒரு ஆபத்துன்னா பட்டாளத்து லாரி மேல ஏற வேண்டாமா? பாதுகாப்புக்குத்தாம்பா பாதை.”

“வீண் செலவுன்னீக.”

“இது அவசியச் செலவு. சட்டசபைன்னா அப்பிடித்தான், காலத்துக்குத் தக்கன கருத்து மாறும். சோலி வந்துருக்குல்ல, போய்ப் பாருங்க.”

“நாங்க சத்தியம் செஞ்சிருக்கோமேய்யா.”

அவர் முகத்தில் நிஜமாகவே ஆச்சரியம் தெரிந்தது. “ஒங்களை யாரு சாமிகிட்டப் போகச் சொன்னா? நான் மையத்தான கொண்டாந்தேன்? ரேகை வச்சிருந்தா மனுவக் கிழிச்சுப் போட்டுட்டு நீங்க பாட்டுக்கு சோலிக்குப் போயிருக்கலாம்ல?”

நடந்தே மலையேறினேன். வழியெல்லாம் ஒரே யோசனை. எல்லாம் தெரிந்துதான் அன்று சிரித்தாரா? எங்களை ஒதுக்கி வைக்கவே அந்த மனுவா? அல்லது சொன்னதை மறுநாளே மறக்கிற சாதாரண மனுசன்தானா? ஆறு வருஷமாக இதே கேள்வி. பாதை வேண்டாம் என்றதும் பாதுகாப்புக்கு, வேண்டும் என்றதும் பாதுகாப்புக்கு என்றால், அந்தச் சொல்லுக்குள் எதை வேண்டுமானாலும் அடைக்கலாம் போலிருக்கிறது.

ஆனால் அவர் சொன்ன ஒன்று உண்மை. அவர் மையைத்தான் கொண்டுவந்தார். சூடம் கொண்டுவந்தவன் நான்.

மெம்பரே போகச் சொல்லிவிட்டார் என்று குடியிருப்பில் சொன்னேன். “சூடம் ஏத்துனது மெம்பரா நீயா?” என்று கேட்டார்கள். ஒச்சம்மா காட்டில் விறகு பொறுக்கி, அந்தப் பாதை வேலைக்காரர்களைத் தாண்டித்தான் தினமும் போடிக்கு இறங்குவாள். ஒருநாள் விறகுச் சுமையை இறக்கி வைத்துவிட்டு என் வாசலில் வந்து நின்றாள்.

“அப்பு, சண்டைக்கு வரல. ஏத்துன கையாலயே எடுத்து விட்ரு. எங்களுக்கும் பிள்ளைக இருக்கு.”

அதற்கும் எங்களிடம் ஒரு முறை உண்டு. சத்தியம் வாங்கியவன் மறுபடி சூடம் ஏற்றி, “இவங்க செஞ்ச சத்தியம் என் தலையில, என் பிள்ளை தலையில” என்று சொல்லித் தன் கையால் அணைக்க வேண்டும். அதன்பின் மற்றவர்களுக்கு விடுதலை. சத்தியம் மீறியதற்கு வருகிற கேடு அவன் வீட்டுக்கு வரும்.

அப்போது என் மகள் காமாட்சிக்கு ஐந்து வயசு. ஒன்பது நாளாகக் காய்ச்சல். அவள் தலையில் எப்படிப் போடுவேன்? “பாப்போம் அக்கா” என்றேன். காய்ச்சல் இறங்கியது. அப்போதும் செய்யவில்லை. பேராக்கில் இருந்த சித்தப்பா மகன் வரச்சொல்லி எழுதியிருந்தான். இங்கே ஆட்கள் வந்து இறங்குவதற்குச் சட்டம் இறுகப்போகிறது என்று கேள்விப்பட்டு, மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினேன். பிழைப்புக்காகப் போகிறான் என்று ஊர் சொன்னது. நான் ஓடி வந்தேன். நான் கிளம்பும் முன்பே நாலு குடும்பம் மலையை விட்டு இறங்கிவிட்டது.

5

துரை பேசிய அதே வாரம் சின்னமாயனிடமிருந்து கடிதம் வந்தது. அவன் சொல்லச் சொல்லப் பள்ளிக்கூட வாத்தியார் எழுதியது. “மாப்ளே, போட்ட பாதை ரெண்டு மழையில போச்சு. மறுபடியும் நல்லாப் போடுறாக. ரெண்டு வருசத்துச் சோலி. ஓவர்சியர் அடுத்த மாசக் கடைசி வரைக்கும் பேர் எழுதுறாரு. நம்ம ஆளுக இன்னமும் மாட்டேங்குறாக. ஒச்சம்மா மகன் பெரியாளாயிட்டான், போறேன்னு நிக்கிறான், அவ மறிக்கிறா. மெம்பர் மறுபடியும் ஓட்டுக் கேட்டு வந்து அதே காவக்காரன் கதைய சொல்லிட்டுப் போறாரு. நீ என்ன சொல்றே?”

கடிதத்தை மனைவியிடம் வாசித்துக் காட்டினேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நிமிராமலே, “ஆறு வருசமா அந்தத் தீயோடதான ஒரு வீட்டுல குடியிருக்கோம்” என்றாள்.

காமாட்சிக்கு இப்போது பன்னிரண்டு வயசு ஆகப்போகிறது. பேச்சு பாதி மலாய், பாதி தமிழ். சின்னதில் பார்த்த கருப்பசாமி நினைவில்கூட இல்லை. அவளை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். உன் தலையில் போட வேண்டியிருக்கிறது என்றும் சொன்னேன். அவள் கேட்டாள்:

“சத்தியம் வாங்கறதுக்கு முந்தி அவங்களை இப்படி உக்காரவச்சுக் கேட்டீங்களா அப்பா? வேற வழி இருந்துச்சா அவங்களுக்கு?”

“இல்லம்மா. கேக்கல.”

“என்னைக் கேட்டீங்கல்ல. போடுங்க” என்றாள். பிறகு, பரவாயில்லை என்பதற்கு இங்கே சொல்கிற மலாய்ச் சொல்லைச் சொல்லிவிட்டு வெளியே விளையாடப் போய்விட்டாள். புரிந்து சொன்னாளா, விளையாட்டுக்குச் சொன்னாளா? அதிலும் எனக்குச் சந்தேகம்தான்.

சின்னமாயனுக்கு எழுதினேன். குறித்த வெள்ளிக்கிழமை உச்சிப்பொழுதில் அவன் அங்கே கருப்பசாமி முன்னால் விளக்கை ஏற்றிவைத்து நின்றான். இங்கே அப்போது பிற்பகல் இரண்டு மணி. தோட்டத்து மாரியம்மன் கோயிலில் சூடம் ஏற்றி, மேற்கே பார்த்து நின்று, சொல்ல வேண்டியதைச் சொல்லி அணைத்தேன். உள்ளங்கை பொத்துப்போய், நாலு நாள் உளி பிடிக்க முடியவில்லை.

அதற்குச் சின்னமாயன் போட்ட பதில் நேற்று வந்தது. ஒச்சம்மா நம்பவில்லையாம். “அங்கன அவன் செஞ்சத நீ பாத்தியா? ஒன் மாப்ளைக்காக நீ சொல்றே. கையெழுத்து யாரு வேணா எழுதலாம். அச்சுல வரட்டும், ஊருக்கு முன்னால வாசிக்கட்டும், அப்ப நம்புறேன்” என்றாளாம். அவள் மேல் எனக்குக் கோபமில்லை. அவளைச் சந்தேகப்பட வைத்தவனே நான்.

6

அதனால்தான் இதை நம் பக்கத்துப் பத்திரிகையில் அச்சுக்கு அனுப்புகிறேன். மாதக் கடைசிக்கு இன்னும் பதினெட்டு நாள் இருக்கிறது.

ஒச்சம்மா அக்கா, மற்ற எல்லோரும் கேளுங்கள். நீங்கள் கருப்பசாமி முன்னால் செய்த சத்தியம் இப்போது உங்களிடம் இல்லை. வெள்ளிக்கிழமை உச்சியோடு அது என் தலைக்கும் என் மகள் காமாட்சி தலைக்கும் வந்துவிட்டது. அவளைக் கேட்டுத்தான் செய்தேன். பேர் கொடுங்கள். மண் வெட்டுங்கள். கூலியைக் கை நிறைய வாங்குங்கள். யாருக்கு ஓட்டுப் போடுவது என்று நான் சொல்ல மாட்டேன். அதற்கு மட்டும் சூடம் ஏற்றாதீர்கள்.

போடியிலும் சிலமலையிலும் இதைப் படிக்கிறவர்களுக்கு ஒரு விண்ணப்பம். மலையில் படிக்கத் தெரியாதவர்களே அதிகம். குரங்கணிக்குப் போகிறவர்கள் யாராவது இதைக் கொண்டுபோய் வாசித்துக் காட்டுங்கள். எனக்கு இரக்கப்பட்டு என் தப்பைக் குறைத்துச் சொல்ல வேண்டாம். மெம்பர் மேல் கோபப்பட்டு அவர் தப்பைக் கூட்டியும் சொல்ல வேண்டாம். இருக்கிறபடி வாசியுங்கள். அன்றைக்கு மனுவில் இல்லாத இரண்டு வரியை நான் சேர்த்ததால் வந்த வினை இவ்வளவும்.

பெரியகருப்பன் மகன் ராமையா